அறுபதாம் நாள் பசி

பிரயாணம் புறப்படுகிறவர்களுக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரே ஓர் உபதேசந்தான் செய்வது வழக்கம். "கட்டுச் சாதத்தை மறந்துவிடாதே" என்பதே அது. புளியோதரை ஒரு சம்புடம், தயிர் சாதம் ஒரு சம்புடம், கூஜா நிறையத் தண்ணீர் - இவ்வளவும் இருந்துவிட்டால் காசியானால் என்ன, ராமேசுவரமானால் என்ன? பசி வந்தபோது மூடியைத் திறக்க வேண்டியதுதான்.

இப்போது காலம் மாறிவிட்டது. அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்திலுள்ள ஒரு ஹோட்டலில் கோடையில் ஆறு நாள் தங்குவதென்று நாம் தீர்மானித்ததும், நம்மிடம் வந்து சேர்ந்த முதல் கேள்வி இதுதான்: "இன்றைக்கு அறுபதாம் நாள் இரவு எத்தனை மணிக்கு, எந்தச் சாப்பாட்டு மண்டபத்தில், எத்தனை பேர் சாப்பிடப் போகிறீர்கள்?" இன்று மாலை உப்புமாவா, அடையா என்பதே அடுப்பு மூட்டும் வரையில் நிச்சயமாகாத குடும்பம் நம்முடையது. அறுபது நாளைக்குப் பிறகு என்ன பசி பசிக்கும் என்பதை எந்த ஜோசியரிடம் போய்க் கேட்பது?

அந்த ஹோட்டலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். ஆர்லாண்டோ நகருக்கு அருகே வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்னும் பிரம்மாண்டமான கேளிக்கை நகரம் 1971-ம் வருஷம் அக்டோபர் மாதம் 1-ந் தேதி திறக்கப்பட்டது. அன்றைய தினமே அதனுடன் திறக்கப்பட்ட இரண்டு ஹோட்டல்களில் ஒன்றுதான் 'பாலினேஷியன் வில்லேஜ்'. பஸிபிக் சமுத்திரத்துத் தீவுகளில் ஒரு கிராமத்துக்குள் புகுந்துவிட்டது போன்ற பிரமையை உண்டாக்க வேண்டும் என்பது கட்டியவர்களின் நோக்கம். நடுவிலே உயர்ந்த கூரையுடன் ஒரு பெரிய மண்டபம், சுற்றிலும் நீண்ட வீடுகள், எங்கு பார்த்தாலும் பனை இனத்து மரங்கள், இரவானால் தீவட்டிகள். எதிரே ஒரு பெரிய ஏரி. அதுவும் மனிதர்கள் வெட்டியதுதான். ஏரிக்கு அக்கரையில் குழந்தைகளுடைய கனவுக் கோட்டை மினுமினுக்கிறது. ஒற்றைத் தண்டவாள ரயில் ஹோட்டலின் வாசலுக்கே வந்து நிற்கிறது. உண்மையான ஹவாய்த் தீவு அங்கிருந்து 4,500 மைலுக்கு அப்பால் இருக்கிறது என்பதைக் குழந்தைகளிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. நமக்கே இரண்டாம் நாள் மறந்து போயிற்று.

சாப்பாட்டுக்கு அங்கே பலவிதமான ஏற்பாடுகள் உண்டு. முதலாவது, 'ஓஹானா' என்ற பெரிய போஜன மண்டபம். பெரிய நெருப்புக் குழியில் கம்பியில் கோத்து வாட்டியவற்றையும், நூடுல்ஸையும், கொழுக்கட்டை மாதிரியான பண்டங்களையும் குடும்பம் முழுவதற்கும் பொதுவாக மேஜையில் கொண்டு வந்து வைக்கிறார்கள். போதும் என்று சொல்லும் வரையில் பரிமாறுகிறார்கள். காலைப் பலகாரத்தின்போது மிக்கி எலியும் அதன் சகாக்களும் மேஜை மேஜையாக வந்து குழந்தைகளுக்குக் கை கொடுக்கும். இரண்டாவது, 'கோனா கபே' என்ற இடம். சற்று நிதானமாக உட்கார்ந்து, வேண்டியதைத் தனித் தனியே சொல்லிச் சாப்பிடலாம். 'டோங்கா டோஸ்ட்' என்று ஒன்று கிடைக்கிறது. ரொட்டிக்குள் வாழைப்பழத்தை வைத்து, மாவில் தோய்த்துப் பொரித்து, சர்க்கரையும் லவங்கப் பட்டைப் பொடியும் புரட்டித் தருகிறார்கள். மூன்றாவது, முன்பதிவு எதுவும் வேண்டாத கீழ்த் தளத்துக் கடை. 'காப்டன் குக்ஸ்' என்று பெயர். 1779-ம் வருஷம் ஹவாய்த் தீவின் ஜனங்களுடன் சண்டையிட்டு அங்கேயே உயிர் துறந்த அதே காப்டன் குக்கை நினைவூட்டும் பெயர்தான். அவர் பெயரால் அந்தத் தீவுக் கிராமத்தில் சாப்பாடு விற்பது சரித்திரத்தின் வேடிக்கைகளில் ஒன்று.

இனி, திட்டம் போட்ட கதையைக் கேளுங்கள். அறுபது நாள் முன்னதாக, புளோரிடாவில் காலை 6 மணி அடிக்கும்போது பதிவு ஆரம்பமாகிறது. கோடையில் அது நம் ஊர்க் கடிகாரத்தில் பிற்பகல் 3-30 மணி. அந்த ஹோட்டலிலேயே தங்குகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. வந்து சேரும் தினத்துக்கு அறுபது நாள் இருக்கும்போதே, தங்கப் போகும் நாட்களில் பத்து நாள் வரைக்கும் ஒரேயடியாகப் பதிவு செய்துகொள்ளலாம். மூன்று வயதாகாத குழந்தைக்குப் பொதுப் பந்தியில் கட்டணம் கிடையாது. மூன்று முதல் ஒன்பது வயது வரையில் குழந்தைக் கட்டணம். பத்து வயது ஆகிவிட்டால் பெரிய மனுஷன்! இரண்டு இட்டிலிக்கு மேல் இறங்காத நம் புதல்வனுக்கு அப்போதுதான் பத்து வயது பூர்த்தியாகியிருந்தது. பதிவு செய்துவிட்டு, ரத்தும் செய்யாமல், போகாமலும் இருந்தால் தலைக்கு இவ்வளவு என்று அபராதம் வேறு.

இவ்வளவையும் கேட்டபின் நமக்கு ஓர் ஆவேசம் பிறந்தது. கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து ஆறு நாளுக்கும் கட்டம் வரைந்தோம். காலையில் ஒரு மண்டபம், இரவில் ஒரு மண்டபம் என்று பூர்த்தி செய்தோம். முதல் நாள் இரவு 8-45 மணிக்கு ஓஹானா. அந்த நேரத்தில் ஜன்னல் வழியாக ஏரிக்கு அக்கரையில் வாணவேடிக்கை தெரியும் என்று கேள்விப்பட்டிருந்தோம். சரியாக 3-30க்கு செல்போனும் கையுமாக உட்கார்ந்து, கேட்ட இடமெல்லாம் கிடைத்ததும், ஒரு ராஜ்யத்தையே ஜெயித்துவிட்டது போல் மீசையை முறுக்கிக் கொண்டோம்.

கட்டத்தில் எல்லாருக்கும் இடம் இருந்தது. பிள்ளைக்கு மிக்கி எலி இருந்தது. ஐந்து வயதுப் பெண்ணுக்கு அன்னாசிப் பழப் பனிக்கூழ் இருந்தது. இல்லத்தரசிக்கு அடுப்பங்கரை இல்லாத ஆறு நாள் இருந்தது. நமது தாயாருக்கு மட்டும் எந்தக் கட்டத்திலும் ஒன்றும் இல்லை. தாயாருக்கு வயது எழுபத்து நான்கு. மாமிசம் தொட மாட்டார். பதினைந்து வருஷமாக நீரிழிவு. மாலை ஏழு மணிக்கு மாத்திரை. அரை மணிக்குள் ஆகாரம். இது நமக்குத் தெரியாத விஷயமா? நன்றாகத் தெரியும். ஆனால், நோட்டுப் புத்தகத்துக்குத் தெரியவில்லை!

முதல் நாள் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நீண்ட விமானப் பிரயாணம். அங்கே இரவு 8-45 என்றால் நம் உடம்புக்கு அது விடியற்காலை 6-15. பெண் குழந்தை தோளில் தூங்கிவிட்டது. பிள்ளை நின்றுகொண்டே தூங்கினான். வழக்கப்படி ஏழு மணிக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டோமே தவிர, ஆகாரத்துக்கு இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருக்கிறது என்று நமக்கு உறைக்கவே இல்லை. "நீங்கள் போய்ச் சாப்பிட்டு வாருங்கள், அப்பா. எனக்கு அறையில் இரண்டு வாழைப்பழம் இருந்தால் போதும்" என்று தாயார் சொன்னதையும் சம்பிரதாயப் பேச்சென்றே எண்ணி, வற்புறுத்தி அழைத்து வந்திருந்தோம். எட்டேகால் மணிக்குப் பெரிய மண்டபத்து நாற்காலியில் அவர் கை நடுங்கிற்று. நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. பேரனை அழைக்க வாயெடுத்தவர் பெயர் ஞாபகம் வராமல் விழித்தார். இல்லத்தரசி கீழ்த் தளத்துக்கு ஓடிப் பழரசம் வாங்கி வந்து புகட்டினாள். கால் மணி நேரத்தில் தெளிவு வந்துவிட்டது. தாயார் முதலில் சொன்ன வார்த்தை, "உங்கள் சாப்பாடு கெட்டுப் போச்சே!" என்பதுதான்.

அந்த இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. பிழை ஹோட்டலுடையது அல்ல; முழுக்க முழுக்க நம்முடையது. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பாதிக் கட்டங்களை அடித்தோம். மறுநாள் காலை, மீதிக் கட்டங்களைத் தாயாரின் கடிகாரத்தை நடுவில் வைத்துக்கொண்டு திருத்தினோம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய போஜனம். அதுவும் மாலை ஐந்தரை மணிக்குள். மற்ற வேளைக்குக் கீழ்த் தளத்துக் கடை. இல்லாவிட்டால் அறையிலுள்ள சிறு குளிர்பெட்டியில் வாங்கி வைத்த தயிரும் பழமும். பதிவை மாற்றும்போதே "மரக்கறி உணவு, நீரிழிவுக்காரர்" என்று குறிப்பு எழுதினோம். மேஜைக்கு வந்ததும் பரிமாறுகிறவரிடம் வாய் திறந்தும் சொன்னோம். எவருக்கும் சிரமமில்லை. இப்படிக் கேட்கிறவர்கள் அவர்களுக்குப் புதிதல்ல. கேட்காமல் கூச்சப்பட்டுப் பட்டினி கிடப்பதுதான் நம்மவர்களுடைய வழக்கம்.

திட்டம் பாதியாகக் குறைந்ததும் ஓர் ஆச்சரியம் நிகழ்ந்தது. பொழுது இரட்டிப்பாயிற்று! மாலை வேளைகளில் தாயாருடன் அந்த நீண்ட வீடுகளின் பக்கமாக உலாவினோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தீவின் பெயர் - ஸமோவா, டோங்கா, ஹவாய் என்று. ஒரு பலகையில் 'பிஜி' என்று பார்த்ததும் தாயார் நின்றுவிட்டார். "இது பாரதியார் பாடிய பிஜித் தீவா?" என்று கேட்டார். அதேதான். 1879 முதல் 1916 வரையில் அறுபதினாயிரம் பேருக்கு மேல் நம் தேசத்து ஏழைகளை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றிய கரும்புத் தீவு. 1903 முதல் நம் சென்னைப் பட்டணத்திலிருந்தும் கப்பல்கள் போயின. ஹவாயின் கதையும் ஏறக்குறைய அப்படியே. அங்கே 1893-ம் வருஷம் ராணியைச் சிங்காதனத்திலிருந்து இறக்கினார்கள். 1898-ல் அமெரிக்கா தீவுகளைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. கரும்பு, அன்னாசித் தோட்டங்களில் வேலை செய்ய ஜப்பானியரும் சீனரும் பிலிப்பைன்ஸ்காரரும் போர்ச்சுகீசியரும் வந்தார்கள். அந்தக் கூலிக்காரர்கள் தங்கள் ஊர் ஞாபகத்துக்குச் சமைத்துக்கொண்ட நூடுல்ஸும், சோயா ரசமும் சர்க்கரையும் தடவி வாட்டும் பக்குவமுந்தான் இன்று 'தீவுச் சாப்பாடு' என்று உல்லாச விருந்தில் இடம் பெற்றிருக்கின்றன. கண்ணீருடன் கட்டிக்கொண்டு போன கட்டுச் சாதம், பேரன் காலத்தில் விருந்தாக மாறிவிட்டது!

நான்காம் நாள் மாலை ஐந்து மணிக்கு மறுபடியும் ஓஹானாவுக்குப் போனோம். இம்முறை தாயாரின் முகத்தில் கலக்கமில்லை. வெயில் இன்னும் ஏரியின்மேல் பளபளத்துக் கொண்டிருந்தது. மரக்கறியாகவே தனித் தட்டில் அவருக்கு வந்தது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல், மற்றபடி குற்றமில்லை" என்று தீர்ப்பளித்தார். இதைக் காட்டிலும் பெரிய நற்சாட்சிப் பத்திரம் அவரிடமிருந்து நம் வீட்டுச் சமையலுக்கே கிடைத்ததில்லை. கடைசியில் வந்த ரொட்டிப் பாயசத்தில் பேத்தியின் கரண்டியிலிருந்து ஒரே ஒரு நுனி மட்டும் ருசி பார்த்தார். அவளும் அதைக் கண்டிப்பாக அளந்தே கொடுத்தாள்.

"ஓஹானா என்றால் என்ன அர்த்தம்?" என்று தாயார் கேட்டார். 2002-ல் வெளியான 'லீலோ அண்டு ஸ்டிட்ச்' என்ற சித்திரப் படத்தைப் பார்த்திருந்த நம் பிள்ளை, "குடும்பம் என்று அர்த்தம், பாட்டி. யாரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது" என்றான். நம் தலை தானாகக் குனிந்தது. அந்தச் சொல்லுக்கு வேர் ஒன்றும் உண்டு. ஹவாய் மொழியில் 'ஓஹா' என்பது சேம்பின் தாய்க்கிழங்கைச் சுற்றி முளைக்கும் பக்கக் கன்று. அந்தத் தீவு ஜனங்களுக்குச் சேப்பங்கிழங்குதான் அன்னம். ஒரே கிழங்கிலிருந்து கிளைத்தவர்கள் எல்லாரும் ஓஹானா. இதைத் தாயாரிடம் சொன்னபோது, "இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்? வாழையடி வாழை என்று நாம் சொல்வதுதானே!" என்றார்.

வாணவேடிக்கையை ஜன்னல் வழியாகப் பார்க்கவில்லை. சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஏரிக்கரை மணலில் போய் உட்கார்ந்தோம். தாயாருக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. இருட்டியபின் அக்கரைக் கோட்டையின்மேல் வானம் பூவாகச் சொரிந்தது. பெண் குழந்தை பாட்டியின் மடியிலேயே தூங்கிப் போயிற்று.

குடும்பத்துடன் இத்தகைய ஸ்தலங்களுக்குப் புறப்படும் நேயர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே. அறுபது நாள் முன்னதாகத் திட்டம் போடுங்கள், தவறில்லை. ஆனால் கட்டம் வரைந்ததும் முதல் கட்டத்தில், "எனக்கு இரண்டு வாழைப்பழம் போதும்" என்று யார் சொல்வார்களோ, அவர்களுடைய பெயரை எழுதுங்கள். மற்றவர்களுடைய பசி தானாகவே இடம் கண்டுபிடித்துக்கொள்ளும்.