பொய்ச்சாட்சி சொன்னேனா?

2000-ம் ஆண்டு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் எழுந்தார். “பொருளாதாரத் தடையால் ஈராக்கில் ஐந்து லட்சம் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ஜெபியுங்கள்” என்றார். சபையில் பலர் அழுதார்கள்.

குவைத்தை ஆக்கிரமித்த ஈராக் மீது 1990 ஆகஸ்ட்டில் ஐ.நா. விதித்த தடை அது. அதே ஆண்டு அக்டோபரில், ஈராக் ராணுவத்தினர் இன்குபேட்டரிலிருந்து குழந்தைகளை எடுத்துப் போட்டதாக அமெரிக்காவில் ஒரு சிறுமி அழுதபடி சொன்னாள். அவள் குவைத் தூதரின் மகள் என்பது 1992-ல்தான் வெளியே வந்தது. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிக் கோபப்பட்டவர் அவர்.

ஐந்து லட்சம் என்பது 1999-ல் யுனிசெஃப் வெளியிட்ட மதிப்பீடு. அதன் அடிப்படைத் தரவுகளைச் சதாம் அரசு திரித்திருந்ததாக 2017-ல் ‘பி.எம்.ஜே. குளோபல் ஹெல்த்’ இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

அதைப் படித்த இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதே என்கிறது உபாகமம். அடுத்தவர் பொய்யைத் துருவியவர், தன் இரக்கத்துக்குத் தோதான எண்ணை விசாரிக்கவே இல்லை.

அதற்காகத் தடை நல்லது என்று ஆகிவிடாது. ஈராக்கில் ஐ.நா.வின் மனிதாபிமானப் பணிகளுக்குத் தலைமை வகித்த டெனிஸ் ஹாலிடே, மக்கள் படும் பாட்டைப் பார்த்து 1998-ல் பதவி விலகினார். அது நேரில் கண்ட சாட்சி.

அடுத்த ஞாயிறு அவர் மறுபடி எழுந்தார். “நான் சொன்ன எண் தவறு. அந்தப் பிள்ளைகளின் பசி பொய்யல்ல” என்றார்.

இப்போதும் அவருக்குப் போர்ச் செய்திகள் வருகின்றன. சொன்னது யார், நேரில் பார்த்தவரா, இதை நம்பினால் யாருக்கு லாபம் என்று பார்க்கிறார். கடைசியாகத் தன்னையே ஒன்று கேட்டுக்கொள்கிறார்: ‘இதை நம்ப நான் ஆசைப்படுகிறேனா?’