மூன்று கம்பிகள், ஒரு குரல்

ஒரு பியானோவில் 88 கட்டைகள். கம்பிகளோ ஏறத்தாழ 230. அத்தனையையும் காதால் கேட்டுக் கேட்டு முறுக்கிச் சுருதி சேர்க்கும் வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சென்னையில் ஓர் இசைப்பள்ளியின் பழைய அப்ரைட் பியானோவைச் சரிசெய்ய வந்த ட்யூனர், அறுபதைத் தாண்டியவர், "பேசாம உக்காந்து கேளுங்க சார், போதும்" என்று இடம் கொடுத்தார்.

முன்பலகையைக் கழற்றிவிட்டு இசைக்கவையைத் தட்டினார். 440 ஹெர்ட்ஸ், இன்றைய உலக வழக்கு. பியானோவின் 'ஏ' சுரம் அதற்கு வெகுவாகக் கீழே இருந்தது. கம்பிகளில் துரு வேறு. 440க்கு ஏற்றினால் சில கம்பிகள் அறுந்துபோகலாம். "435ல நிறுத்திக்கிறேன் சார். இதுல பிள்ளைங்க தனியாத்தானே வாசிக்கிறாங்க?" என்றார். கவையும் கம்பியும் சேர்ந்து ஒலிக்கும்போது நொடிக்கு ஐந்து விம்மல் (ஒலி ஏறி இறங்கும் துடிப்பு) கேட்கும் இடத்தில் நிறுத்தினார். 1859இல் பிரான்ஸ் அரசு நிர்ணயித்ததும் இதே 435தான். 440க்கும் 435க்கும் உள்ள வித்தியாசம் அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பியானோவை மட்டும் கேட்கும் பெரும்பாலோருக்கு அது தெரியாது. கூடவே புல்லாங்குழல் சேர்ந்தால் உடனே உறுத்தும்.

அடுத்து, கம்பிகளுக்கிடையே நீளமான கம்பளிப் பட்டையைச் செருகினார். மூன்று கம்பி உள்ள சுரங்களில் இனி நடுக்கம்பி மட்டுமே பேசும். 'எஃப்', 'ஏ' இரண்டையும் சேர்த்து அழுத்தி, நொடிக்கு ஏழு விம்மல் வருகிறதா என்று பார்த்தார். பன்னிரண்டு சுரத்தானங்களையும் சம இடைவெளியில் வைப்பதற்குக் கொடுக்கும் விலை அது. பஞ்சமம் 2 சென்ட்தான் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) குறையும். ஆனால் காந்தாரம் 14 சென்ட் ஏறிவிடும். நன்றாகச் சேர்ந்த தம்புராவில் ஷட்ஜக் கம்பியிலிருந்து தானாக எழும் அந்தர காந்தாரத்துக்குப் பழகிய காது, பியானோவின் காந்தாரத்தில் ஒரு மெல்லிய பரபரப்பை உணரும். அதற்கு ஈடாக, எந்தச் சுருதியிலிருந்து தொடங்கினாலும் பாட்டு ஒன்றுபோலவே ஒலிக்கும்.

மேல் ஸ்தாயிக்குப் போனதும் கணக்கு மாறியது. பியானோக் கம்பி எஃகு, விறைப்பானது. அதனால் அதிலிருந்து கூடவே எழும் மேல்சுரங்கள் சரியான மடங்கைவிடச் சற்று ஏறியே ஒலிக்கும். ஸ்தாயியைக் கணக்குப்படி இரட்டிப்பாக வைத்தால் மேலே உள்ள சுரங்கள் இறங்கியதுபோல் தோன்றும். ஆகவே மேலே ஏறஏறச் சுரத்தைக் கூட்டியும், கீழே இறங்கஇறங்கக் குறைத்தும் வைக்கிறார்கள். எவ்வளவு என்பது ஒவ்வொரு பியானோவுக்கும் வேறுபடும். அதைக் காதுதான் தீர்மானிக்கிறது.

கடைசியில் பட்டையை உருவினார். ஒரே சுரத்தின் மூன்று கம்பிகளை ஒன்றாக்கும் கட்டம் இது. கம்பியை முறுக்கும் லீவர் நகர்வது கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அலையலையாக நடுங்கிக்கொண்டிருந்த ஒலி சட்டென்று நேரானது. கம்பி பிறகு நழுவாமல் இருக்கக் கட்டையை ஓங்கித் தட்டினார். "இப்ப கேளுங்க" என்று ஒரு கம்பியை மயிரிழை விலக்கினார். நடுக்கம் இல்லை, ஒலி மட்டும் இன்னும் நீண்டு நின்றது. இதன் காரணத்தை இயற்பியலாளர் காப்ரியேல் வைன்ரைக் 1977இல் விளக்கியிருக்கிறார். மூன்று கம்பிகளும் ஒன்றாக அசைந்தால் ஆற்றல், கம்பிகளைத் தாங்கும் பாலத்தின் வழியே வேகமாக வெளியேறி ஒலி அடங்கும். இம்மி வேறுபட்டால் ஒன்றின் அசைவை இன்னொன்று ஈடுகட்டும். ஆற்றல் கம்பியிலேயே தங்கி, ஒலி மெல்ல நீளும். இன்னும் கொஞ்சம் விலகினால் பழைய நடுக்கம் திரும்பிவிடும்.

கேட்பவர் காதில் முதலில் விழுவது இந்த மூன்று கம்பிகளின் ஒற்றுமைதான். "என்ன அருமையான பியானோ!" என்று நாம் கம்பெனிக்குக் கொடுக்கும் பாராட்டில் பெரும்பங்கு ட்யூனருக்குச் சேரவேண்டியது.

வீட்டில் பியானோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழைக்காலத்து ஈரத்தில் ஒலிப்பலகை உப்பிச் சுருதி ஏறும். ஏசி அறையில் காய்ந்து இறங்கும். எனவே பருவம் மாறியதும் ட்யூனரைக் கூப்பிடுங்கள். என்ன இசை வாசிக்கிறீர்கள், யாரோடு வாசிக்கிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் வேலை முடியும்வரை மின்விசிறியையும் டிவியையும் நிறுத்திவையுங்கள். அவருக்குத் தேவை அமைதியும் அவகாசமும்தான்.