குண்டு எங்கே உடைய வேண்டும்

ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு பெயின்ட்போல் மைதானத்தில் வார இறுதிகளில் துவக்குத் திருத்துவது என் வேலை. நிர்வாகம் அதை மார்க்கர் என்றுதான் சொல்லச் சொல்லும். ஆட வருகிற எங்கள் பிள்ளைகளுக்கு அது துவக்குத்தான். மேசைக்கு வருகிற முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றே: "அண்ணா, இது நேராப் போகுதில்லை. வேற ஒண்டு தாங்கோ." மாற்றிக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் அதுவும் திரும்பி வரும். கோளாறு துவக்கில் இருப்பது குறைவு. குண்டில் இருக்கும், அல்லது குண்டை வைத்திருந்த விதத்தில் இருக்கும்.

குண்டு என்பது 0.68 அங்குல விட்டமும் ஏறக்குறைய 3 கிராம் எடையும் கொண்ட ஜெலட்டின் உருண்டை. மீனெண்ணெய் மாத்திரையின் கூட்டைச் செய்கிற முறையிலேயே இதன் கூட்டையும் செய்கிறார்கள். உள்ளே பொலிஎதிலீன் கிளைகோலும் சாயமும். தண்ணீரில் கழுவினால் போய்விடும். இந்தச் சின்னப் பொருளிடம் நாம் எதிர்பார்ப்பது கொஞ்சமல்ல. துவக்கின் மேல் குண்டு நிரப்புகிற ஹொப்பருக்குள் குலுங்க வேண்டும், வாயு முதுகில் இடிக்கும்போது தாங்க வேண்டும், நொடிக்கு 280 அடி வேகத்தில் பறக்க வேண்டும், ஆனால் எதிராளியின் தோளில் பட்டதும் உடைந்துவிட வேண்டும். உடையாமல் தெறித்தால் 'பவுன்ஸ்'. பட்டவருக்கு நோவு மிச்சம், சுட்டவருக்கு ஒன்றுமில்லை.

துவக்கைக் கையில் வாங்கியதும் நான் பார்ப்பது, சாயம் எங்கே இருக்கிறது என்பதைத்தான். குண்டு ஏறுகிற அறையில் கூடு பாதியாக வெட்டுப்பட்டுக் கிடந்தால் அது 'சொப்'. குண்டு முழுதாக இறங்குவதற்குள், அதைக் குழலுக்குள் தள்ளுகிற போல்ட் முன்னால் வந்து நறுக்கிவிட்டது. ஹொப்பர் தருகிற வேகத்தை விட விரல் வேகம் கூடிவிட்டது என்று பொருள். ஹொப்பரின் பட்டரியைப் பார்க்க வேண்டும். அறை சுத்தமாக இருந்து குழலுக்குள் மட்டும் சாயம் பூசியிருந்தால் 'பரல் பிறேக்'. அது வேறு கதை. குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், உள்சுவரில் சாயம் கீற்றுக் கீற்றாக மினுங்கும். அடுத்த குண்டு அந்த ஈரத்தில் புரண்டு ஒரு பக்கம் மட்டும் சாயம் அப்பிக்கொண்டு வெளியேறும். பிறகு எப்படி நேராகப் போகும்? குழல் துடைக்கிற 'ஸ்குவீஜி'யை ஒரு தரம் உள்ளே விட்டு இழுத்தால் போதும். புதுத் துவக்குக் கேட்டு வந்தவர் பழையதோடேயே சந்தோஷமாகத் திரும்பிப் போவார்.

சொந்தத் துவக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழைய சோதனையைச் செய்து காட்டுவேன். கழற்றிய குழலின் பின்வாயில் அன்றைய பெட்டியிலிருந்து ஒரு குண்டை வைக்க வேண்டும். தானாக உருண்டு விழுந்தால் குழல் பெரிது. ஊதினாலும் அசையாவிட்டால் சிறிது. வைத்தால் நின்று, ஒரு மூச்சு ஊதினால் வழுக்கிக்கொண்டு போனால் பொருத்தம் சரி. 'அன்றைய பெட்டி' என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சும். ஒன்ராறியோவின் ஜூலைப் புழுக்கத்தில் திறந்து வைத்த பெட்டிக் குண்டு மாலைக்குள் ஊதிப்போய் மெத்தென்றாகிவிடும். அது பவுன்ஸ் ஆகும். அதே குண்டை ஒக்டோபர் குளிரில் காரின் பின்பெட்டியில் இரவு முழுதும் விட்டால் நொறுங்குகிற பதத்துக்கு வந்துவிடும், குழலுக்குள்ளேயே வெடிக்கும். நிலத்தில் கிடப்பதைப் பொறுக்கி ஹொப்பரில் போடுகிறவர்களை என்ன சொல்ல! புல்லின் ஈரத்தில் வீங்கியது, மணல் ஒட்டியது. மணல் குழலைக் கீறும்.

இந்த ஆட்டத்தின் முதல் துவக்கு ஆட்டத்துக்காகச் செய்யப்பட்டதே அல்ல. நெல்சன் பெயின்ட் கொம்பனிக்காக டெய்சி நிறுவனம் செய்த நெல்ஸ்பொட் 007, மரங்களுக்கும் மாடுகளுக்கும் தூரத்திலிருந்து அடையாளமிடுகிற கருவி. 1981 ஜூன் 27இல் நியூ ஹம்ப்ஷயரில் ஹெனிக்கர் என்ற ஊரில் 12 பேர் அதை வைத்துக் காட்டுக்குள் கொடி பிடிக்கும் ஆட்டம் ஆடினார்கள். அன்று எண்ணெய்ச் சாயம். கழுவ டர்பன்டைன் வேண்டும். வென்றவர் ரிச்சி வைட் என்ற வனத்துறைக்காரர், ஒரு குண்டுகூடச் சுடாமல். இன்னும் ஒரு பெட்டி குண்டு வாங்கட்டுமா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல ஆசைதான். கடைக்காரரின் முகத்தைப் பார்த்துச் சும்மா இருந்துவிடுவேன்.

குண்டுக்கு இருக்கிற வானிலைத் தொல்லை, அதைத் தள்ளுகிற வாயுவுக்கும் உண்டு. கரியமில வாயு தாங்கிக்குள் திரவமாக இருப்பதால் அதன் அழுத்தம் வெப்பத்தோடு ஏறி இறங்கும்: 20 பாகை செல்சியசில் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 830 இறாத்தல், பூச்சியத்தில் 500 அளவில். காலைக் குளிரில் வேகம் சரிபார்த்த துவக்கு மதிய வெயிலில் எல்லையைத் தாண்டிவிடும். ஆகவேதான் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் வேகம் அளக்கிற குரோனோகிராஃபுக்கு முன்னால் வரிசையில் நிற்கச் சொல்கிறோம். நொடிக்கு 300 அடிக்கு மேல் எந்த மைதானமும் அநேகமாக விடாது. அழுத்தக் காற்றுத் தாங்கிகளில் இந்த ஏற்ற இறக்கம் மிகக் குறைவு, அதனால் இன்று போட்டிக்காரர்கள் எல்லாரும் அதற்கு மாறிவிட்டார்கள்.

துவக்குக்கு ஆயிரம் டொலர் கொடுத்துவிட்டு மாஸ்கை இரவல் வாங்குகிறவர்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். என்னைக் கேட்டால் முதல் காசு மாஸ்குக்குப் போக வேண்டும், அடுத்தது நல்ல குண்டுக்கு. பனிச்சறுக்குக் கண்ணாடி உதவாது, பெயின்ட்போலுக்கான ஏ.எஸ்.டி.எம். எஃப்1776 தரம் உள்ளதாகப் பார்த்து, இரட்டை அடுக்குக் கண்ணாடியோடு வாங்குங்கள். ஒற்றை அடுக்கில் மூச்சின் ஆவி படியும், படிந்தால் கை தானாக மாஸ்கைத் தூக்கும். கண் போவது அந்த ஒரு கணத்தில்தான். ஆவி படிந்து ஒன்றும் தெரியாவிட்டால் இருந்த இடத்திலேயே குந்தி, கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிடுங்கள். கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போவது எங்கள் வேலை. மைதானத்தின் வலைக்கு வெளியே வரும்வரை தயவுசெய்து மாஸ்கைக் கழற்றாதீர்கள்.