மெழுகு பூசிய மரச்சீனி

ஓக் ட்ரீ ரோட்டில் கிடைக்காத இந்தியச் சாமானே கிடையாது என்று சொல்லித்தான் ஆபீஸ் நண்பன் என்னை அங்கே இறக்கிவிட்டுப் போனான். நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கும் தெரு. நகைக்கடை, சேலைக்கடை, பானிபூரி, நடுநடுவே பெரிய பெரிய மளிகைக் கடைகள். அமெரிக்கா வந்து மூன்றாவது வாரம். என் லிஸ்டில் மூன்றே பொருள்: சம்பா அரிசி, காந்தாரி மிளகு, மரச்சீனிக் கிழங்கு.

பாஸ்மதி ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. பருப்பில் நான் பார்த்தேயிராத நிறங்கள். கவுண்டரில் இருந்த குஜராத்திப் பெரியவரிடம் "டாப்பியோகா" என்றேன். முகம் மலர்ந்து, உள்ளே போய் ஒரு பாக்கெட்டோடு வந்தார். ஜவ்வரிசி. சாபுதானா என்று எழுதியிருந்தது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. சேலத்துப் பக்கம் இதே கிழங்கை அரைத்து மாவெடுத்து உருட்டுவதுதான் ஜவ்வரிசி. கேட்டதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்.

இந்தியக் கடை என்பது முதலில் வந்தவர்களின் சமையலறை. பட்டேல் சகோதரர்கள் 1974-இல் சிகாகோவில் ஒரு சின்ன மளிகைக் கடை போட்டார்கள். அன்றைக்கு யார் வந்து என்ன கேட்டார்களோ அதுதான் அலமாரியில் ஏறியிருக்கும். விளவங்கோட்டுக்காரன் எவனும் போய் கிழங்கு கேட்டிருக்கமாட்டான். ஆனால் எங்களுக்கு இது புதுசும் இல்லை. நாகர்கோவில்காரனுக்கு ஆரல்வாய்மொழி தாண்டினாலே வெளிநாடுதான். சென்னை ஹாஸ்டலில் நல்லமிளகு என்றால் சிரித்தார்கள், உள்ளி என்றால் பூண்டை நீட்டினார்கள். மரச்சீனி என்றபோது "அது என்ன, சர்க்கரையா?" என்று கேட்டவன் தருமபுரிக்காரன். அவன் ஊரில் ஏக்கர் கணக்கில் விளைகிறது, மரவள்ளி என்ற பெயரில்.

கொஞ்ச நாளில் ஒரு மலையாளிக் கடையைக் கண்டுபிடித்தேன். மட்டை அரிசி கிடைத்தது, கொடம்புளி கிடைத்தது. ஃப்ரீசரில் 'கப்பா' இருந்தது, தோல் சீவி, துண்டு போட்டு, ஐஸ் பிடித்து. அவித்தால் ஒன்று குழையும், இல்லையென்றால் நார் நாராக நிற்கும். மூன்று வருடம் அதைத்தான் தின்றேன். காந்தாரிக்குப் பதிலாகத் தாய்லாந்து மிளகாய். சின்ன உள்ளியோடு உப்பு வைத்து நசுக்கி, தேங்காயெண்ணெய் ஊற்றினால் கண்ணை மூடிக்கொண்டு கிட்டத்தட்ட ஊர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பச்சைக் கிழங்கு கிடைத்தது இந்தியர்களிடம் இல்லை. டீமில் இருந்த பிரேசில்காரன் ஒரு சனிக்கிழமை நியூவர்க்கின் ஐயன்பவுண்ட் பகுதிக்கு சாப்பிடக் கூட்டிப்போனான். போர்ச்சுக்கீசியரும் பிரேசில்காரர்களும் வந்து குடியேறிய இடம். ஃபெர்ரி ஸ்ட்ரீட்டில் ஒரு காய்கறிக் கடை வாசலில் நின்றுவிட்டேன். மரப்பெட்டி நிறைய, தோலோடு, முழங்கை நீளத்தில் மரச்சீனி! ஆனால் பாலீஷ் போட்டமாதிரி மினுங்கியது. "மாண்டியோக்கா," என்றான் அவன். பக்கத்தில் ஸ்பானிஷில் யூக்கா என்று எழுதியிருந்தார்கள்.

மினுக்கம், மெழுகு. தோண்டி இரண்டு மூன்று நாளிலேயே உள்ளே கறுப்பு ஓடத் தொடங்கிவிடும் கிழங்கு இது. காற்றுப் படாமல் மெழுகில் முக்கிக் கப்பலேற்றுகிறார்கள். ஊரில் காலையில் பிடுங்கினால் மத்தியானம் அடுப்பில் கிடக்கும்.

நம்ம கிழங்கு என்று நான் மூன்று வருடமாகத் தேடிய சாதனம் அவனுடையது. தென்னமெரிக்காவின் பயிர். போர்ச்சுக்கீசியர்தான் பிரேசிலிலிருந்து கடல் தாண்டிக் கொண்டுவந்தார்கள். அதே தெருவில் மீன்கடையில் சாளையும் கிடைத்தது. அவர்கள் கல்லுப்பு போட்டுச் சுடுகிறார்கள், நான் தேங்காய் அரைத்துக் கறி வைத்தேன்.

2018-இல் அப்பாவும் அம்மாவும் வந்தபோது, முதல் ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் சமைத்தேன். முதல் தண்ணீரைக் கொட்டி, மறு தண்ணீரில் வேகவைத்து (கிழங்கில் சயனைடு விஷயம் இருக்கிறது, அம்மாவுக்கு அந்த வார்த்தை தெரியாது, கொட்டத் தெரியும்), சாளைக்கறியோடு வைத்தேன். அப்பா கிழங்கைத் தொடவில்லை.

"எவ்வளவுலே ஆச்சு?"

"ரெண்டு பவுண்டு, மூணு டாலர்."

மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார். "இருநூறு ரூவாய்க்குக் கிழங்கா?"

அம்மா பூதப்பாண்டி. பழையாற்றுத் தண்ணீர், நெல்வயல், மூன்று வேளையும் சோறு. அப்பா விளவங்கோட்டுச் செம்மண் மேட்டுக்காரர். அங்கே கிழங்குதான். 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய பயிர் என்று சொல்வார்கள். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்து அரிசிக் கப்பல் நின்றபோது திருவிதாங்கூரில் ஏழைகளின் வயிற்றைக் காப்பாற்றியது இதுதான். யுத்தம் முடிந்தது, 1956-இல் எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன, அப்பா வீட்டில் கிழங்கு மட்டும் மாறவில்லை.

நாகர்கோவிலில் ஹைஸ்கூல் படிக்க அத்தை வீட்டில் தங்கியிருந்தார். சனி ஞாயிறு ஊருக்குப் போனால் பாட்டி அவித்த கிழங்கை வாழையிலையில் கட்டிக் கொடுத்தனுப்புவாள். திங்கட்கிழமை மத்தியானம் சோற்றுப் பாத்திரங்களுக்கு நடுவே அதைப் பிரிக்கவேண்டும். பையன்கள் வைத்த பட்டப்பெயர், கிழங்கன். இதெல்லாம் எனக்கு முப்பது வயதுக்குமேல், எடிசன் அபார்ட்மெண்ட் டைனிங் டேபிளில்தான் தெரியவந்தது.

"நான் தின்னதுக்குப் பேரு பசி. நீ திங்கதுக்குப் பேரு என்னலே?"

கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மட்டை அரிசிச் சோறு போட்டேன், சாளைக்கறி ஊற்றிச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவர்கள் இருந்த மூன்று மாதமும் நான் கிழங்கு வாங்கவில்லை.

2021 மே மாதம் அப்பா போனார். கொரோனாவில்தான். என்னால் போக முடியவில்லை. போனால் திரும்ப முடியாது என்ற நிலைமை, விசா, குழந்தை. இப்போது எழுதும்போது எல்லாம் சாக்காகத்தான் தெரிகிறது. எல்லாவற்றையும் போனில் பார்த்தேன்.

பதினாறாம் நாளுக்கு முந்தின ராத்திரி அம்மா சொன்னாள்: "அங்க ஒரு இலை போட்டு, அவியளுக்குப் பிடிச்சத வை மக்கா."

வாழையிலை பிலிப்பினோ கடை ஃப்ரீசரில் இருந்தது, மடித்து, விறைத்து. தண்ணீரில் போட்டு விரித்தேன். சோறு, பருப்பு, அவியல், எரிசேரி, புளிசேரி, பாயசம். விடிவதற்குள் சமைத்து, போட்டோ முன்னால் பரிமாறி, வீடியோவில் காட்டினேன். அம்மா இலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

"கிழங்கு வைக்கலியா?"

"அப்பாக்குப் பிடிக்காதுல்லா."

"ஆரு சொன்னா? மார்த்தாண்டம் சந்தைக்குப் போற நாளெல்லாம் சாயாக்கடையில கிழங்கும் மீன்கறியும் தின்னுட்டுத்தான் வருவாவ. சட்டையில மணக்கும். உங்க முன்னாடி தின்னமாட்டாவ, அவ்வளவுதான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் பிறகு பேச்சை மாற்றி, குழந்தை எழுந்தாச்சா என்று கேட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நியூவர்க் போனேன். கடை அடைக்கிற நேரம். நுனியை ஒடித்துப் பார்த்து, கறுப்பு ஓடாததாக இரண்டு கிழங்கு எடுத்தேன். வீட்டுக்கு வந்து மெழுகோடு தோலைச் சீவி, துண்டு போட்டு, அடுப்பில் வைத்தேன். கொதி வந்ததும் முதல் தண்ணீரைக் கொட்டினேன். இலை மேஜைமேலேயே கிடந்தது.