காடுகாள் குடியிருக்கும் காடு

ஆனைச்சாத்தன் பறவையின் பேச்சைப் பாட்டில் வைத்த ஆண்டாளின் ஊர்க்காரன் நான். பழம்பாட்டுகளில் பறவை தேடும் பழக்கம் அங்கிருந்து வந்தது. ராஜபாளையத்து நண்பர்களோடு வேன் பிடித்துக் கோடியக்கரைக்குப் போகும்போதெல்லாம், பூநாரைக்கு முன்பு கோடியக்காட்டுக் குழகர் கோயிலில்தான் இறங்குவேன்.

சேரமான் பெருமாளோடு சுந்தரர் இங்கே வந்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. எட்டாம் நூற்றாண்டா, ஒன்பதா என்ற வழக்கை அறிஞர்கள் நடத்தட்டும். எனக்கு அவர் இங்கே பாடிய பதிகம் போதும். மற்ற ஊர்களில் பொன்னும் நெல்லும் கேட்டவர், இங்கே இறைவனுக்காகக் கவலைப்படுகிறார். கடற்காற்று இப்படி வீசியடிக்கிறதே, துணையில்லாமல் இந்தக் கரையில் ஏன் இருக்கிறாய் என்கிறார். காடோ பெருங்காடு, பொந்துக்குள் ஆந்தையும் கூகையும் குழறினால் உமை அஞ்சமாட்டாளா? சுற்றியிருக்கும் வேடர்களோ பொல்லாதவர்கள். ஆந்தை வேறு, கூகை வேறு என்று பிரித்துச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். அவை இருக்கும் பொந்தையும் விடவில்லை. காதால் கேட்டவர் எழுதியது இது. இந்தக் காட்டின் முதல் பறவைக் குறிப்பு இதுதான் என்பேன்.

அதே பதிகத்தில் வளைக்கையோடு காடுகாள் வருகிறாள். வேடர்கள் கும்பிட்ட காட்டுத்தாய் அவள். குழகருக்கு முன்பே இங்கே குடியிருந்தவள் என்பது என் துணிபு. கோயிலுக்குள் காடுகிழாள் என்ற பெயரில் அவளுக்குச் சந்நிதி உண்டு. ஒற்றை அகல், எண்ணெய் மணம், வெளியே ஓயாத காற்று. எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

இந்தக் காடு 1967-இல் சரணாலயம் ஆனது. 2002-இல் ராம்சர் ஈரநிலம் என்ற பெருமையும் வந்தது. ஆனால் வெளிமான் மேயும் புல்வெளியில் சீமைக்கருவேலம் ஏறிக்கொண்டே இருக்கிறது. சதுப்பின் ஒரு பகுதி உப்பளமாகிவிட்டது. 2018-இல் கஜா புயல் மரங்களைச் சாய்த்தபோது எத்தனை பொந்துகள் போயின என்று யார் கணக்கெடுத்தார்கள்? பொன்னியின் செல்வன் வாசகர்கள் தேடிவரும் பழைய கலங்கரை விளக்கத்தை, பராந்தகன் கட்டியதென ஊரார் சொல்லும் அந்தச் செங்கல் கோபுரத்தை, 2004 சுனாமி வீழ்த்தியது. அடிப்பகுதிதான் மிச்சம். நின்றபோது காக்காமல் விழுந்தபின் வருந்துகிறோம்.

ஆடி, தை அமாவாசைக்குக் கடலாடப் போகிறவர்களே, கேமராவோடு பூநாரை தேடுகிறவர்களே, கோடியக்காட்டில் இறங்கிக் காடுகிழாள் முன் கொஞ்சம் நில்லுங்கள். இந்தச் சரணாலயத்தின் பறவைப் பட்டியலில் முதல் வரியாகக் கூகையையும் ஆந்தையையும் எழுதி, பக்கத்தில் சுந்தரர் பெயரைப் போடச் சொல்லிக் கேளுங்கள்.