ஆடிக் காற்றும் ரொட்டித் தூளும்

கோவை காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறி, "கணபதி ஒண்ணு" என்று சில்லறையை நீட்டினேன். கண்டக்டர் சிரித்துவிட்டார். "உள்ளே வையுங்க அம்மிணி. உங்களுக்குக் காசு இல்லீங்க!" சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021-ல் வந்த ஏற்பாடு எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும், ஊருக்குப் புதிதாக வந்த படபடப்பு இருக்கிறதே!

பஸ் சத்தியமங்கலம் சாலையில் வடக்கே ஓடிற்று. டெக்ஸ்டூல் பாலம் தாண்டியதும் கணபதி. பெயரைக் கேட்டதும் பெரிய கோயிலும் தேர் வீதியும் மனத்தில் எழுகின்றன அல்லவா? இங்கே இறங்கியவுடன் காதில் விழுவதோ லேத் பட்டறைகளின் ரீங்காரம். பைக்காரா மின்சாரம் 1932-ல் வந்தது. அதைத் தொடர்ந்து கோவையில் ஆலைகள் பெருகின. ஆலைக்கு இயந்திரம், வயலுக்குப் பம்பு செட்டு என்று பட்டறைகளும் பெருகின. கணபதியின் சந்துகளில் இன்றும் ஒரு வீட்டில் கோலமும் அடுத்த வீட்டில் இரும்புச் சுருளுமாகக் கிடக்கும்.

என் சித்தி மகள் வாழ்க்கைப்பட்டிருப்பது அப்படி ஒரு பட்டறை வீட்டில்தான். அவள் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறாள். அவள் கணவருக்குப் பம்புத் தண்டு கடைவது தொழில். எட்டு வயதில் ஒரு பிள்ளை. வீட்டின் தலைவி, அவள் மாமியார்.

"வாங்கம்மிணி! காத்து எப்படி அடிக்குது பாருங்க. கண்ணுல தூசி விழுந்துறப் போகுது, உள்ளே வாங்க" என்று அந்த அம்மாள் வரவேற்றார்.

காற்று என்றால் சாதாரணக் காற்றா? மேற்கு மலைத் தொடரில் பாலக்காட்டருகே ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக் காற்று அந்த வாசல் வழியாகத்தான் கோவைக்குள் நுழைகிறது. மொட்டை மாடியில் உலர்த்திய புடவையைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும்!

அன்று சனிக்கிழமை. மாலையானதும் பையன் சிணுங்க ஆரம்பித்தான். கடையில் அட்டைப் பெட்டியில் போட்டுத் தரும் மொறுமொறு கோழி வேண்டுமாம். வாராவாரம் இதே கதைதான் என்றாள் தங்கை. பெட்டி வரும், தகப்பனும் பிள்ளையும் டெலிவிஷன் முன் தின்பார்கள், மாமியார் ஒரு தோசை வார்த்துத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவார்.

"வீட்டிலேயே செய்தால் என்ன?" என்று கேட்டேன்.

தங்கை குரலைத் தாழ்த்தினாள். "இந்த வீட்டிலே கறி சமைப்பது பின்கட்டு அடுப்பில்தான், அக்கா. ஞாயிற்றுக்கிழமை மாமா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுப்பார். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் அந்த அடுப்பு எரியவில்லை. அத்தையும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை."

பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அடுப்பின் மேல் பழைய பெயிண்ட் டப்பா ஒன்று உட்கார்ந்திருந்தது.

மறுநாள் நானே துணிந்து, "பிள்ளைக்குக் கொஞ்சம் கோழி பொரிக்கலாமா? பின்கட்டிலேயே செய்கிறோம்" என்று கேட்டுவிட்டேன். அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "செய்யுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைதான்.

கோழிக்கடையில், "என்னப்பா, விலை ஏறிவிட்டதா?" என்றேன். "பல்லடத்துல என்ன சொல்றாங்களோ அதாங்க" என்றார் கடைக்காரர். உண்மைதான். கறிக்கோழிக்குப் பண்ணை விலையை அறிவிக்கும் உற்பத்தியாளர் குழு பல்லடத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் காடுகளில் கிழக்கு மேற்காக நீண்ட கொட்டகைகளைப் பார்த்திருப்பீர்கள். வெயில் நேராக உள்ளே விழாமலிருக்க அந்த அமைப்பு. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி கொடுக்கும். கொட்டகையும் தண்ணீரும் உழைப்பும் விவசாயியுடையவை. ஆறு வாரத்தில் குஞ்சு இரண்டு கிலோ கோழியாகிவிடும். வளர்த்ததற்குக் கிலோ கணக்கில் கூலி. கோடை வெயிலில் கோழிகள் மடிந்தால் கூலியும் கரைந்துவிடும். தட்டில் ஒரு துண்டு விழுவதற்கு முன் எத்தனை வீடுகளின் கவலை!

நால்வருக்கு அரைக் கிலோ எலும்பில்லாத நெஞ்சுக் கறி போதும். ஆறு வில்லைகளாக நறுக்கி, பிளாஸ்டிக் தாளுக்கிடையில் வைத்துத் தட்ட வேண்டும். தட்டுவதற்குத் தங்கை எடுத்து வந்த சாமானைப் பார்த்து வியந்தேன். துருப்பிடிக்காத எஃகில் பளபளவென்று ஓர் உருளை! வீட்டுக்காரர் லேத்தில் கடைந்து கொடுத்தாராம், சப்பாத்திக்காக. கறி எங்கும் ஒரே கனமாக, கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் சீராக வேகும். ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மிளகுத் தூள், கொஞ்சம் இஞ்சி பூண்டு விழுது, அரை மூடி எலுமிச்சைச் சாறு தடவி அரை மணி நேரம் ஊற வைத்தோம். பச்சைக் கறி பட்ட கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் வேறெதற்கும் எடுக்கக் கூடாது.

பிறகு மூன்று தட்டுகள். ஒன்றில் மைதா, ஒன்றில் அடித்த முட்டை இரண்டு, ஒன்றில் ரொட்டித் தூள். வியன்னாவிலும் ஜப்பானிலும் இதே முறைதான். வெள்ளைக்காரர் காலத்தில் நம் ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளுக்குக் கட்லட் என்று வந்ததற்கும் இது நெருங்கிய உறவு.

ரொட்டித் தூளில்தான் கோளாறு வந்தது. பேக்கரி ரொட்டியின் ஓரங்களைக் காலையிலேயே மாடியில் வலை மூடி உலர்த்தியிருந்தோம். ஆடிக் காற்று அப்பளமாக்கிவிட்டது. தங்கை பாதியை மிக்ஸியில் போட்டாள். ஒரு சுற்றில் மாவாகிவிட்டது. அதில் புரட்டிப் பொரித்த முதல் வில்லை, மொறுமொறுப்பில்லாமல் பழுப்பு நிறப் போர்வை போர்த்திக்கொண்டு வந்தது. பையன் முகம் சுளித்தான்.

அதுவரை திண்ணையில் இருந்த அம்மாள் எழுந்து வந்தார். "ஏங்கண்ணு, இது கோலமாவா? மிச்சத்தை என்ற கையில குடு" என்றார். உரலைக் கழுவித் துடைத்தார். உலக்கையால் மெதுவாக நாலு குத்து. சில துண்டு ரவையாக, சில துண்டு குறுநொய்யாக, பொன்னாக உதிர்ந்து கிடந்தது!

கறியை மாவில் புரட்டி, முட்டையில் தோய்த்து, அந்தத் தூளில் உள்ளங்கையால் அழுத்தினோம். பத்து நிமிஷம் அப்படியே வைத்தால் போர்வை கழலாது. அதற்குள் பெயிண்ட் டப்பா இறங்கியிருந்தது. அடுப்பில் விறகு எரிந்தது. யார் மூட்டினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. வாணலியில் அரை அங்குலம் கடலை எண்ணெய். ஒரு துணுக்குத் தூளைப் போட்டதும் சலசலவென்று மேலே வந்தால் அதுவே பதம். மிதமான தீயில் பக்கத்துக்கு மூன்று நிமிஷம். கனமான இடத்தைக் கீறிப் பார்த்தால் உள்ளே சிவப்பு தெரியக் கூடாது. சாறு தெளிந்து வர வேண்டும்.

அதற்குத் துணையாக அம்மாள் எலுமிச்சைச் சந்தகை பிழிந்திருந்தார். டெலிவிஷனை யாரும் நினைக்கவில்லை. பின்கட்டில் பாய் விரித்து ஐந்து பேரும் உட்கார்ந்தோம். பையன், "அப்பத்தா, கடைக் கோழியை விட இதுதான் சத்தம் போடுது!" என்றான்.

அம்மாள் ஒரு துண்டைக் கடித்து நிதானமாக மென்றார். "உங்கப்பாரு இருந்திருந்தா, ரெண்டு பத்தாதுன்னிருப்பாரு" என்றார் மகனைப் பார்த்து. மகன் தலை குனிந்தபடி, "ஆமாம்மா" என்றார். அந்தப் பேச்சு அந்த வீட்டில் மூன்று வருஷத்துக்குப் பின் எழுந்த பேச்சு என்று தங்கை இரவு என்னிடம் சொன்னாள்.

மறுநாள் புறப்படும்போது என் பையில் ஒரு டப்பாவைத் திணித்தார் அம்மாள். திறந்து பார்த்தேன். உரலில் இடித்த ரொட்டித் தூள்!

"மெட்ராஸிலே பேக்கரி இல்லையா, என்ன?" என்று சிரித்தேன்.

"பேக்கரி இருக்குமுங்க அம்மிணி. இந்தக் காத்துக்கு எங்கே போவீங்க?" என்றார்.