மைத்துனரின் பவர் டில்லர்

எங்கள் நல்லம்பள்ளியில் செவ்வாய்க்கிழமை சந்தை. விடியற்காலையிலேயே ஆட்டு வியாபாரம் களைகட்டிவிடும். போன வருடம் தை மாதத்தில் அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, பழைய இரும்பு வாங்குகிறவர் ஒருவர் சந்தைக்கு வந்த கையோடு எங்கள் தெருவுக்கும் வந்தார். என் மனைவியின் தம்பி வீட்டுக் கொட்டகையில் பதினைந்து வருடமாக நின்றுகொண்டிருந்த பவர் டில்லரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பதினாலாயிரம் தரேன், இன்னிக்கே ஏத்திக்கறேன்" என்றார்.

மைத்துனர் இப்போது இல்லை. 2016-ல் காலமாகிவிட்டார். அவருடைய மனைவி என்னிடம் வந்து, "அண்ணா, கொடுத்துடலாமா? அதைப் பாத்தாலே எனக்கு வயிறு கலங்குது" என்று கேட்டார்கள். நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று அப்போது எனக்கே சரியாகத் தெரியாது.

நான் இயந்திரம் தெரிந்தவன் அல்ல. பிறந்தது காரைக்கால். பிரெஞ்சுவழிப் பள்ளியில் பிரவே வரை படித்தேன். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி, காரைக்கால் எல்லாம் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பதினொரு வயது. படித்த மொழிக்கும் கிடைத்த வேலைக்கும் சம்பந்தம் இல்லாமல், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, மாற்றலில் தர்மபுரிக்கு வந்து, பெண் எடுத்து, நல்லம்பள்ளிக்காரன் ஆகிவிட்டேன். பவர் டில்லருக்குப் பிரெஞ்சில் 'மோட்டோகுல்த்தர்' என்று பெயர். சிறுவயதில் பாடப் புத்தகத்துப் படம் ஒன்றில் அந்தச் சொல்லைப் படித்திருக்கிறேன். நிஜத்தில் அதைப் பார்த்தது மைத்துனர் வயலில்தான்.

ஆனால் ஒரு விஷயம் எனக்குத் தெரியும். பணியில் பல வருடம் ஸ்டோர் பிரிவில் இருந்தவன் நான். ஓடாத ஜீப், உடைந்த நாற்காலி, பழுதான டைப்ரைட்டர் என்று எல்லாவற்றையும் 'கண்டம்' செய்யும் கோப்புகள் என் மேஜை வழியாகத்தான் போகும். "பழுது பார்த்துப் பயன்படுத்தத் தகுதியற்றது" என்ற வரியை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு பொருளையும் நான் தொட்டுப் பார்த்ததில்லை. பொறியாளர் குறிப்பு வரும், நான் நகலெடுப்பேன், அதிகாரி கையெழுத்துப் போடுவார், ஏலம் நடக்கும். இந்த ஒன்றையாவது தொட்டுப் பார்த்துவிட்டு எழுதலாமே என்று நினைத்தேன்.

இளைய வாசகர்களுக்கு இந்த வண்டியைப் பற்றி நாலு வரி. சுழலும் கத்திகளால் மண்ணைக் கொத்தும் யோசனையை ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் என்ற விவசாயி மகன் 1912-லேயே தன் அப்பாவின் பண்ணையில் சோதித்துப் பார்த்தார். அதைச் சின்னச் சின்ன நெல் வயலுக்கு ஏற்றபடி, ஒரு ஆள் பின்னால் நடந்து ஓட்டும் வண்டியாகப் பரப்பியவர்கள் ஜப்பானியர்கள். நம் பக்கம் பெங்களூரில் 1967-ல் தொடங்கிய வி.எஸ்.டி. கம்பெனி மிட்சுபிஷியோடு சேர்ந்தும், கேரளத்தில் 1973-ல் தொடங்கிய காம்கோ குபோட்டா முறையிலும் இதைச் செய்தார்கள். எங்கள் வண்டி எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. கிழட்டு இயந்திரத்தின் நோவை யார் தலையிலும் சுமத்தக் கூடாது. 12 குதிரைத்திறன், ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜின், கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். தொப்பூர் மலைப் பக்கம் ஏறி இறங்கும் எங்கள் மேட்டு நிலங்களில் துண்டு துண்டான வயல்கள். பெரிய டிராக்டர் திரும்ப இடம் இருக்காது. அதனால்தான் 1991-ல் மைத்துனர் இதைப் பழசாக வாங்கினார். பதினெட்டு வருடம் அவருக்கும் ஊருக்கும் உழுதது.

2009 ஆடி மாதம் ஒரு சாயங்காலம். மேல் வயலில் உழுதுவிட்டுக் கீழே இறக்கும்போது வண்டி வரப்பைத் தாண்டிப் பள்ளத்தில் கவிழ்ந்தது. அவருடைய வலது கால் அடியில் மாட்டிக்கொண்டது. கால் பிழைத்தது, நடை பிழைக்கவில்லை. அவருக்கு அவ்வப்போது குடிக்கும் பழக்கம் உண்டு. ஊர் முழுக்க ஒரே பேச்சு, குடித்துவிட்டு ஓட்டினார் என்று. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அதையே சொன்னேன். "குடிச்சிட்டு வண்டியத் தொட்டா இப்படித்தான்." அவர் என்னைப் பார்த்து, "இல்ல மாமா. நான் கைய விட்டுட்டேன். வண்டிதான் விடல" என்றார். போதையில் உளறுகிறார் என்று நினைத்து, பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஏழு வருடம் இருந்தார். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வண்டியை நிமிர்த்திக் கொட்டகைக்கு இழுத்து வந்தார்கள். அப்புறம் யாரும் கிளப்பவே இல்லை.

இலளிகம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தேன். ஐம்பது வயது இருக்கும். டில்லர் வேலையில் ஊறியவர். நான் நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்துச் சிரித்தார். "ஐயா, எழுதிக்கங்க. ஆனா முதல்ல ஹேண்டிலப் போட்டு முக்காதீங்க. ஒட்டிப் போன பிஸ்டன பலவந்தமா சுத்தினா ரிங் ஒடஞ்சிரும்" என்றார்.

நாசிலைக் கழற்றி அந்தத் துவாரம் வழியே சிலிண்டருக்குள் கொஞ்சம் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றினார். மூன்று நாள் அப்படியே விட்டோம். நாலாம் நாள் டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிப் பிடித்து, ஃபிளைவீலை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டினார். தொண்டையைக் கனைப்பதுபோல் ஒரு சத்தம். பிறகு முழுச் சுற்று வந்தது. லிவரை இறக்கியதும் சுற்று பாதியில் முட்டி நின்றது. "கம்ப்ரஷன் இருக்குதுங்க. என்ஜினுக்கு உசிரு இருக்கு" என்றார். நோட்டில் அதை அடிக்கோடிட்டேன்.

மற்றவை அவ்வளவு நன்றாக இல்லை. டீசல் டேங்கின் உள்ளே துரு. அதைக் கழற்றிச் சின்ன ஜல்லிகளைப் போட்டுக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கிக் கழுவினோம். தண்ணீர் போகும் வழியெல்லாம் வெள்ளையாக உப்பு படிந்து பாதி அடைத்திருந்தது. எங்கள் மாவட்டத்து போர்வெல் தண்ணீரின் கதை உங்களுக்குத் தெரியும். பல்லில் கறை படிய வைத்த தண்ணீர் என்ஜினை மட்டும் சும்மா விடுமா? புளி கரைத்த தண்ணீரை இரண்டு நாள் ஊற வைத்துக் கழுவினோம். இப்போது அதற்கு ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர்தான். கொத்துக் கத்திகள் தேய்ந்து கரண்டிக்காம்பு மாதிரி ஆகியிருந்தன. பெல்ட்டைத் தொட்டதும் உதிர்ந்தது. இவையெல்லாம் கடையில் கிடைக்கும் சாமான்கள்.

கியர் பாக்ஸ்தான் முக்கியம் என்றார். அடி நட்டைத் திறந்தால் ஆயில் மோர் மாதிரி வெளுத்துக் கொட்டியது. ஆயில் சீல் போய்த் தண்ணீர் கலந்தால் அப்படி ஆகுமாம். "காந்தத்தை விட்டுத் துழாவிப் பாக்கலாம். பல்லு ஒடஞ்சிருந்தா துண்டு வரும்" என்றார். பல் துண்டு எதுவும் வரவில்லை. ஆனால் மூடியைப் பிரித்ததும் அவர் கை ஓர் இடத்தில் நின்றது. இடது பக்க ஸ்டியரிங் கிளட்சின் ஸ்பிரிங்கை வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டாக முறிந்திருந்தது.

இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். டில்லரில் கைப்பிடிக்கு அடியில் இரண்டு சின்ன லிவர்கள் உண்டு. இடது லிவரை அழுத்தினால் இடது சக்கரத்துக்குப் போகும் இழுவை அறுந்துவிடும். வலது சக்கரம் மட்டும் தள்ளும். வண்டி இடது பக்கம் திரும்பும். லிவரை விட்டால் இந்த ஸ்பிரிங்தான் கிளட்சைத் தள்ளி மறுபடியும் கோத்துவிடும். இது சமதளத்தில். இறக்கத்தில் எல்லாம் தலைகீழ். இறக்கத்தில் என்ஜின் சக்கரத்தைத் தள்ளுவதில்லை, பிடித்து நிறுத்துகிறது. இடது லிவரை அழுத்தினால் இடது சக்கரம் பிடி விட்டுத் தானாக முன்னே உருளும். வண்டி வலது பக்கம் திரும்பும். பழகியவர்கள் இதை அறிந்து நடப்பார்கள். கை தவறி அழுத்தினாலும் உடனே விட்டுவிட்டால் வண்டி சரியாகிவிடும். ஸ்பிரிங் முறிந்திருந்தால்? கையை விட்டாலும் கிளட்ச் கோக்காது. சக்கரம் உருண்டுகொண்டே இருக்கும். வண்டி திரும்பிக்கொண்டே போகும்.

அந்த வயலின் பள்ளம் இறங்கும்போது வலது கைப் பக்கம்.

"நான் கைய விட்டுட்டேன். வண்டிதான் விடல."

என் எழுத்தர் புத்தி உடனே ஆட்சேபணை எழுப்பியது. கவிழ்ந்த வேகத்தில் முறிந்திருக்கலாம் அல்லவா? பதினைந்து வருடத் துருவில் முறிந்திருக்கலாம் அல்லவா? மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் முறிந்த முனையை என் விரலால் தடவச் சொன்னார். "புதுசா ஒடஞ்ச இரும்பு சொரசொரன்னு இருக்கும். துருவுல போனது பொருக்கு விட்டிருக்கும். இது பாருங்க, கூழாங்கல்லு மாதிரி. ஒடஞ்ச ரெண்டு முனையும் ஒண்ணோட ஒண்ணு உரசி உரசித் தேஞ்சிருக்கு. ஒடஞ்ச பிறகும் வண்டி ரொம்ப நாள் ஓடியிருக்குதுங்க. ஒருவாட்டி கோக்கும், ஒருவாட்டி கோக்காது. ஓட்டறவருக்கே என்னன்னு பிடிபடாது."

விபத்துக்குப் பிறகு வண்டி ஓடவே இல்லை. அப்படியென்றால் அது முறிந்தது விபத்துக்கு முன்னால்.

அன்று அவர் குடித்திருந்தாரா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் சொன்னது உளறல் அல்ல. நடந்ததை நடந்தபடி, நாலே வார்த்தையில், ஒரு நல்ல பொறியாளர் குறிப்புபோலச் சொல்லியிருக்கிறார். நான்தான் படிக்காமலே கோப்பை மூடிவிட்டேன்.

அன்று இரவு ஸ்பிரிங்கை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துப் போய் அவர் மனைவியிடம் காட்டி விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர்கள் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கிட்டயும் சொன்னாருண்ணா. நானும்தான் நம்பல" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "இரும்புக்குப் போட வேணாம்" என்றார்கள்.

ஸ்பிரிங் இரண்டு பக்கமும் புதிது, ஆயில் சீல்கள், பெல்ட், கத்திகள், நாசில், டயர் இரண்டு, ஆயில், கூலி எல்லாம் சேர்த்து முப்பத்தோராயிரம் ஆயிற்று. என் ஓய்வூதியத்திலிருந்து கொடுத்தேன். வண்டியின் இன்றைய மதிப்புக்கு இது அதிகம். பழைய அலுவலக விதிப்படி பார்த்தால் இது கண்டம் செய்ய வேண்டிய வண்டிதான். விதி தப்பு என்று சொல்லவில்லை. செலவுக் கணக்கு மட்டும் பார்க்கிற கண்ணுக்கு அந்த ஸ்பிரிங் தெரிந்திருக்காது.

மாசி கடைசியில் கிளப்பினோம். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அடித்தால் மணிக்கட்டு போய்விடும் என்று மெக்கானிக் மருமகனுக்குச் சொல்லிக் கொடுத்தார். மூன்றாவது சுற்றுக்குக் கரும்புகை. ஐந்தாவதற்கு டக்... டக்... டக்டக்டக் என்று பிடித்துக்கொண்டது. உள்ளேயிருந்து அவர்கள் ஓடி வந்து வாசலில் நின்றார்கள். யாரும் ஒன்றும் பேசவில்லை.

மருமகன் இப்போது நிலக்கடலைக்கும் சாமந்திக்கும் அதில்தான் உழுகிறான். பக்கத்து வயல்களுக்கும் வாடகைக்குப் போகிறது. இறக்கத்தில் இறக்கும்போது முதல் கியர், ஸ்டியரிங் லிவரைத் தொடாமல் கைப்பிடியைத் தள்ளியே திருப்ப வேண்டும் என்பது கண்டிப்பு. கைப்பிடிக்கு நடுவே சிவப்பு பெயிண்டில் நானே எழுதி வைத்திருக்கிறேன்: "இறக்கத்தில் கை மாறும்."

முறிந்த ஸ்பிரிங் என் மேஜை மேல் இருக்கிறது. மின்சாரக் கட்டண ரசீதுகள் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருக்கிறேன்.